ராஜா தலையை எடுத்துப் பன்றியைப் போட்டால் சொந்தக் காசா?

பழங்காசு — இரவு 9.12
நேற்று காலனி நாட்டுக் காசுகள் இழையில் தங்கசாலைத் தம்பி போகிறபோக்கில் எழுதிய வரி இது: "ஐரிஷ் காசுன்னு தனியா ஒண்ணும் கிடையாது. இங்கிலாந்துக் காசுல ராஜா தலையை வழிச்சுட்டுப் பன்னியைப் போட்டாங்க, அவ்ளோதான்." அதற்குக் கைதட்ட நாலு பேர். இருபது வருடமாக இந்தக் காசுகளைச் சேர்க்கிறவன் நான். பதில் சொல்லாமல் படுக்க முடியவில்லை.

பன்றி இருப்பது அரைப் பென்னியில், குட்டிகளோடு. பென்னியில் கோழியும் குஞ்சுகளும். ஃபார்திங்கில் காட்டு உள்ளான், மூன்று பென்னியில் முயல், ஆறு பென்னியில் ஓநாய் வேட்டைநாய், ஷில்லிங்கில் காளை, ஃப்ளோரினில் சால்மன் மீன், அரைக்கிரவுனில் குதிரை. எட்டுக்கும் மறுபக்கம் வீணை. இங்கிலாந்து ஆட்சியிலிருந்து பிரிந்த அயர்லாந்துக்காக 1928 டிசம்பர் 12 அன்று வெளியானவை. தேர்வுக் குழுவின் தலைவர் கவிஞர் யேட்ஸ், அப்போது செனட்டர். சிற்பிகளுக்கு அவர் மாதிரியாக அனுப்பியது பழைய கிரேக்கக் காசுகளின் படங்களை. மெஸ்ஸானாவின் முயல், தூரியின் காளை என்று. அன்றைக்குக் கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் தலையைத்தான் காசில் சுமந்துகொண்டிருந்தன. அயர்லாந்து மட்டும் சுமக்கவில்லை. இதை "அவ்ளோதான்" என்பவருக்குக் காசு பார்க்கத் தெரியவில்லை.

தங்கசாலைத் தம்பி — 9.20
பெரியவரே வணக்கம். கட்டுரை அருமை. ஒரே ஒரு கேள்வி. எங்க அடிச்சாங்க?

பழங்காசு — 9.31
லண்டனில், ராயல் மின்ட் என்ற நாணயச்சாலையில். அதனால் என்ன? கல்யாணப் பத்திரிகையைச் சிவகாசியில் அடித்தால் மாப்பிள்ளை சிவகாசிக்காரர் ஆகிவிடுவாரா?

தங்கசாலைத் தம்பி — 9.38
பத்திரிகை மட்டும் சிவகாசின்னா பரவாயில்லை. படம் வரைஞ்சவர் பெர்சி மெட்கால்ஃப், இங்கிலாந்துக்காரர். நோட்டை அச்சடிச்சது வாட்டர்லோ கம்பெனி, அதுவும் லண்டன். நோட்டுல இருக்கிற லேவரி அம்மா பொறந்தது சிகாகோ. அந்த நோட்டுலயே என்ன எழுதியிருந்தது? கொண்டுவந்து கேட்டா லண்டன்ல ஸ்டெர்லிங், அதாவது இங்கிலாந்துப் பவுண்டு, தருவோம்னு. மாப்பிள்ளை, பொண்ணு, பந்தி, மொய் எல்லாம் லண்டன்ல. மண்டப வாசல்ல வாழைமரம் மட்டும் டப்ளின். ரொம்ப சந்தோஷம்.

வடமராச்சியான் — 9.41
பழங்காசு ஐயா, அது வீணை இல்லை. யாழ்.

பழங்காசு — 9.52
தம்பிக்கு: மெட்கால்ஃபை லண்டன் திணிக்கவில்லை. அழைக்கப்பட்ட சிற்பிகளில் ஆலிவர் ஷெப்பர்டு, ஆல்பர்ட் பவர், ஜெரோம் கானர் என்று ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். சுவீடனிலிருந்து மில்லெஸ், அமெரிக்காவிலிருந்து மேன்ஷிப். வந்த மாதிரிகளில் பெயர் கிடையாது. பெயர் தெரியாமல் தேர்ந்தெடுத்தார்கள், மெட்கால்ஃப் வந்துவிட்டார். தன் ஆளுக்கே பரிசைக் கொடுக்கும் வழக்கம் நம் இணையக் குழுவில் சிலருக்கு உண்டு, யேட்ஸுக்கு இல்லை.

லேவரி அம்மையாரின் கணவர் ஜான் லேவரி பெல்ஃபாஸ்டில் பிறந்த ஓவியர். அரசு அவரிடம் படம் கேட்டது, அவர் மனைவியை வரைந்தார். நோட்டில் அவர் ஹேசல் லேவரியாக இல்லை, அயர்லாந்து என்னும் பெண்ணாக இருக்கிறார். பின்பக்கத்தில் டப்ளின் சுங்கமாளிகையில் நதிகளைக் குறிக்கும் சிற்பத் தலைகள். வாழைமரமாம்.

வடமராச்சியான் ஐயாவுக்கு: பொதுவாக வீணை என்றுதான் எழுதுகிறார்கள்.

வடமராச்சியான் — 9.56
ஆர் எழுதினாலும் பிழை பிழைதான். தண்டில மெட்டு வைச்சு வாசிக்கிறது வீணை. வளைஞ்ச சட்டத்தில நரம்பு கட்டி மீட்டுறது யாழ். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிற அந்தப் பழைய வாத்தியத்தை ஒருக்கா போய்ப் பாருங்கோ. ஊர்ப் பேரிலயே யாழ் இருக்கிற ஆக்கள் நாங்கள். இதைக்கூட நீங்கள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தங்கசாலைத் தம்பி — 10.03
வீணையோ யாழோ, அதை வெட்டுன அச்சு எங்க இருந்துச்சு?

அரையணா — 10.10
எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. சொந்தக் காசுன்னா என்ன? அடிக்கிற இடமா? மதிப்பை முடிவு பண்றவரா? லாபம் போய்ச் சேர்ற கஜானாவா? மூணும் வேற வேற. எதைப் பத்திப் பேசறோம்னு முதல்ல ஒத்துக்கிட்டா சண்டை பாதி முடிஞ்சிடும்.

தங்கசாலைத் தம்பி — 10.12
அடிச்ச இடத்தைச் சொல்லிட்டு மத்ததைப் பேசச் சொல்லுங்க.

பழங்காசு — 10.15
சொல்லிவிட்டேன். 9.31 பதிவைப் படிக்கவும். கண்ணாடி வேண்டுமென்றால் சொல்லுங்கள், என்னுடையதை அனுப்புகிறேன்.

உலோகத்தைப் பாருங்கள். 1920-ல் இங்கிலாந்து தன் வெள்ளிக்காசில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. 1928-ல் அயர்லாந்து தன் ஷில்லிங், ஃப்ளோரின், அரைக்கிரவுனில் முக்கால் பங்கு வெள்ளி போட்டது. மூன்று பென்னியும் ஆறு பென்னியும் இங்கிலாந்தில் வெள்ளிக்கலவை, அயர்லாந்தில் சுத்த நிக்கல். "ராஜா தலையை வழிச்சுட்டு" என்றீர்களே, இரண்டு ஷில்லிங்கையும் மேசையில் தட்டிப் பாருங்கள், சத்தமே வேறு. என் மேசையில் இப்போது இரண்டும் இருக்கின்றன. 1928 காளை ஷில்லிங்கின் கழுத்து மடிப்பில் வெள்ளி கறுத்து ஒரு கோடு ஓடுகிறது. மண்டையில் மட்டும் தேய்மானம். எத்தனை பேர் கட்டைவிரல் பட்டதோ. காசைக் கையில் எடுத்துப் பார்க்காமல் திரையில் பார்க்கிறவர்களுக்கு இது புரியாது.

தங்கசாலைத் தம்பி — 10.24
முக்கால் வெள்ளி, ஒத்துக்கறேன். அந்த முக்கால் வெள்ளியை உருக்கி எங்க அடிச்சாங்க?

மதிப்பையும் சொல்லிடறேன். ஒரு ஐரிஷ் பவுண்டு, ஒரு இங்கிலாந்து பவுண்டு. 1931-ல லண்டன் பவுண்டுக்கு இவ்வளவு தங்கம்ங்கிற கணக்கை விட்டுச்சு, டப்ளினும் கூடவே போச்சு. 1949-ல ஸ்டெர்லிங் 4.03 டாலர்லேருந்து 2.80-க்கு விழுந்துச்சு, டப்ளினும் விழுந்துச்சு. 1967-ல மறுபடி 2.40, மறுபடி கூடவே. அங்க தும்மினா இங்க ஜலதோஷம். கயிறு அறுந்தது 1979 மார்ச் 30. அதுவரைக்கும் 51 வருஷம் சொந்தக் காசுன்னு சொல்லிக்கிட்டு இருந்தது பக்கத்து வீட்டுக் கடிகாரத்துல மணி பார்க்கிற மாதிரிதான்.

டப்ளின் மழை — 10.37
நான் இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகுது. வந்தப்ப யூரோதான், இந்தக் காசையெல்லாம் கடையில பார்த்ததில்ல. ஆனா வேலை பார்க்கிற இடத்துல வயசான ஒருத்தர் அந்த அரைப் பென்னியை டப்பால வச்சிருக்கார். பன்னி நல்லா கொழுகொழுன்னு இருக்கு. முதல்ல வரைஞ்சது இப்படி இல்லையாம், வேளாண் துறை நிபுணர்கள் பார்த்துட்டு எங்க ஊர்ப் பன்னி இப்படி இருக்காதுன்னு மாத்தச் சொன்னாங்களாம், யேட்ஸுக்கு அதுல வருத்தமாம். காளைக்கும் இதே கதைதானாம்.

இன்னொண்ணு. நாம பூவா தலையான்னு சுண்டற மாதிரி இவங்க தலையா ஹார்ப்பான்னு கேட்பாங்க, ஹார்ப்னா அந்த யாழ்தான். தலையே இல்லாத காசுல தலை எதுன்னு கேட்டேன். மிருகம் இருக்கிற பக்கம்தான் தலைன்னார்.

பழங்காசு — 10.44
தவறு. நாணயவியலில் ஹார்ப் பக்கம்தான் முகப்பு. மிருகம் பின்பக்கம். எந்தப் பட்டியலை வேண்டுமானாலும் பாருங்கள்.

டப்ளின் மழை — 10.47
பட்டியல் அப்படிச் சொல்லலாம் சார். சுண்டறவங்க இப்படித்தான் சொல்றாங்க.

வடமராச்சியான் — 10.49
தங்கச்சி சரியாத்தான் சொல்லுறா. 1826-க்கு முதல் ஐரிஷ் காசில ஒரு பக்கம் ராசா தலை, மற்றப் பக்கம் யாழ். அந்தப் பேச்சுத்தான் மிச்சம் இருக்கு. ராசா போன பிறகு தலை மிருகத்துக்குப் போட்டுது. ஹார்ப் எண்டு எழுதாமல் யாழ் எண்டு எழுதினால் இன்னும் நல்லம்.

பழங்காசு — 10.53
சண்டை அதுவல்ல. நாணயப் பட்டியலை எழுதியவர்கள் முட்டாள்களா?

தங்கசாலைத் தம்பி — 10.55
பன்னிக்கு அழகு பார்த்த வேளாண் துறை டப்ளின். பன்னியை அடிச்ச பட்டறை?

மட்டுறுத்துநர் — 11.02
தனிமனிதக் கிண்டல் வேண்டாம். பூ தலை விவாதத்தை நாணயவியல் அடிப்படைகள் இழையில் தொடரவும்.

பழங்காசு — 11.20
வரலாறு தெரியாமல் "லண்டன், லண்டன்" என்று கிளிப்பிள்ளை போலச் சொல்கிறவருக்காக. 1722-ல் வில்லியம் வுட் என்பவருக்கு அயர்லாந்துக்குச் செப்புக்காசு அடிக்கும் உரிமை போனது. மன்னரின் ஆசைநாயகி கெண்டல் கோமகள் கைமாற்றி விட்ட உரிமை. ஐரிஷ் பாராளுமன்றத்தைக் கேட்கவே இல்லை. டப்ளினே கொதித்தது. எழுத்தாளர் ஜோனத்தன் ஸ்விஃப்ட் துணிக்கடைக்காரர் என்ற பெயரில் கடிதம் கடிதமாக எழுதினார். காசின் தரத்தைச் சோதித்த மின்ட் தலைவர் ஐசக் நியூட்டன் தரம் சரி என்றார். அப்போதும் ஊர் வாங்கவில்லை. 1725-ல் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். செல்லாத மிச்சம் அமெரிக்கக் காலனிகளுக்குப் போனது. அதே ஸ்விஃப்ட்தான் பின்னாளில் 10 பவுண்டு நோட்டில் வந்து உட்கார்ந்தார். எங்கே அடித்தார்கள் என்பதல்ல, யாரைக் கேட்டு அடித்தார்கள் என்பதுதான் அந்த நாட்டின் சண்டை. 1928-ல் கேட்டு அடித்தார்கள்.

தங்கசாலைத் தம்பி — 11.26
அருமையான கதை. வுட் அடிச்சதும் இங்கிலாந்துலதானே. சரியாப்போச்சு.

இன்னும் பின்னாடி போலாமா? டப்ளின்ல முதல்ல காசு அடிச்சது வைக்கிங் ராஜா சித்ரிக், 997 வாக்குல. அது எதெல்ரெட் ராஜாவோட இங்கிலாந்துப் பென்னிக்கு நகல். ஆயிரம் வருஷமா அதே நோய்.

அரையணா — 11.29
ஆனா அதை டப்ளின்லயே அடிச்சாங்களே தம்பி. உங்க அளவுகோல்படி அது சொந்தக் காசு ஆகணும்?

தங்கசாலைத் தம்பி — 11.31
நகலுக்கு ஏதுங்க சொந்தம்.

அரையணா — 11.32
அப்ப அடிச்ச இடம் முக்கியம் இல்ல?

தங்கசாலைத் தம்பி — 11.34
1928-க்கு முக்கியம்.

வடமராச்சியான் — 11.45
இதுக்குள்ள வட அயர்லாந்தை எல்லாரும் மறந்திட்டியள். பெல்ஃபாஸ்டில இண்டைக்கும் வங்கிகள் தங்கட நோட்டைத் தாங்களே அடிக்குது, அது ஸ்டெர்லிங். போன கிழமை அங்க கலியாணத்துக்குப் போய் வந்தனான், பைக்குள்ள ஒரு இருபது பவுண்டு தாள் மிஞ்சிப்போச்சு. லண்டனில எங்கட ஆக்களின்ர பலசரக்குக் கடைக்காரனே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, அண்ணை இது எந்த நாட்டுத் தாள் எண்டு கேட்டான். முருங்கைக்காய்க் கட்டைத் திருப்பி வைச்சிட்டு வந்தன். ஸ்டெர்லிங்குக்கே இந்தக் கதி. நீங்கள் எது சொந்தம் எண்டு சண்டை பிடிக்கிறியள்.

டப்ளின் மழை — 11.50
2004 டிசம்பர்ல பெல்ஃபாஸ்ட் நார்தர்ன் பேங்க்ல 2.65 கோடி பவுண்டு கொள்ளை போச்சே, அதுக்கப்புறம் திருடின நோட்டு செலவாகாம இருக்க அந்த பேங்க் தன் நோட்டையே வேற நிறத்துல புதுசா வெளியிட்டுது. சொந்தமா நோட்டு அடிக்கிறதுல இப்படி ஒரு வசதியும் இருக்கு. 😀

பழங்காசு — 11.58
இழை அயர்லாந்துக் குடியரசு பற்றியது.

தங்கசாலைத் தம்பிக்குக் கடைசியாக. 1978-ல் டப்ளின் புறநகர் சாண்டிஃபோர்டில் அவர்களே நாணயச்சாலை வைத்தார்கள். 1971 பிப்ரவரி 15-ல் ஒரு பவுண்டுக்கு நூறு பென்னி என்ற தசமக் கணக்குக்கு மாறியபோதும் காளையையும் சால்மனையும் விடவில்லை. குதிரை 1986-ல் 20 பென்னியில் திரும்பி வந்தது. 1990-ல் ஒரு பவுண்டு காசில் கலைமான். 2002 பிப்ரவரி 9 வரை அந்த மிருகங்கள் புழக்கத்தில் இருந்தன. ஆட்சி மாறியது, அரசியல் சட்டம் மாறியது, காசில் எழுதிய நாட்டின் பெயர் மாறியது. பன்றியை வைத்துக் கேலி செய்கிற உங்கள் கேலிதான் மாறவில்லை.

தங்கசாலைத் தம்பி — நள்ளிரவு 12.06
சாண்டிஃபோர்டு 1978. முதல் காசு 1928. கழிச்சா 50. அந்த 50 வருஷம் எங்க அடிச்சாங்கன்னு நான் கேட்கறதுல என்ன தப்பு பெரியவரே? காளை தசமத்துக்கு வந்தாலும் முதல்ல வெல்டிங் ஆனது லண்டன் பட்டறைல.

பழங்காசு — 12.09
காசை வெல்டிங் செய்வதில்லை. அச்சில் அடிப்பார்கள். இவ்வளவுதான் இவருக்குத் தெரிந்த நாணயவியல். நாலு பேர் கைதட்டினார்களே, படிக்கட்டும்.

தங்கசாலைத் தம்பி — 12.11
பேச்சுக்குச் சொன்னது. நமக்கு நாணயவியல் தெரியாது, சரி. போன தீபாவளிக்கு 1943 அரைக்கிரவுன் கைல இருக்குன்னு இதே குழுவுல ஒருத்தர் எழுதினார். 1943 வெள்ளில பெரும்பகுதியை உருக்கிட்டாங்க, வெளிய வந்தது ரொம்பக் கொஞ்சம்னு அவரே பாடம் எடுத்தார். படம் போடுங்கன்னு கேட்டோம். இன்னும் வரலை. 1942-ல இருக்கிற 2-ஐச் சுரண்டி 3 ஆக்கறதுக்கு நேரம் ஆகும் போல.

பழங்காசு — 12.13
அவதூறு. மட்டுறுத்துநர் கவனிக்கவும். அந்தக் காசு வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது.

வடமராச்சியான் — 12.15
எனக்கும் அந்தப் படத்தைப் பார்க்க விருப்பம்தான் ஐயா. யாழ்ப் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கோ.

பழங்காசு — 12.18
பெட்டகம் திங்கட்கிழமைதான் திறக்கும். நான் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

டப்ளின் மழை — 12.21
சார், யாரும் கேட்கலைன்னாலும் சொல்லிடறேன். பழைய ஐரிஷ் பவுண்டு வீட்டுல இருந்தா இங்க மத்திய வங்கில இப்பவும் மாத்தித் தர்றாங்க, கெடு கிடையாது. ஒரு யூரோவுக்கு 0.787564 கணக்கு.

தங்கசாலைத் தம்பி — 12.22
1943 அரைக்கிரவுனையும் மாத்திக்கலாமா, பெரியவருக்கு உபயோகப்படும்.

மட்டுறுத்துநர் — 12.30
இழை காலை வரை பூட்டப்படுகிறது.

தங்கசாலைத் தம்பி — காலை 7.02
காலை வணக்கம். எங்க அடிச்சாங்க?