மூக்கு போன ஏலக்காய்க்காரனுக்கு டெமாக்ரிட்டஸிடம் பதில் உண்டா?

மெட்டுக்காரன், கம்பம்:

வணக்கம். தத்துவப் பகுதியில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. தப்பிருந்தால் திருத்துங்கள்.

எனக்கு ஏலக்காய்த் தொழில். வீடு கம்பத்தில். வாரத்தில் நாலு நாள் கம்பம்மெட்டு ஏறி, கேரளாவில் வண்டன்மேடு பக்கம் போய்ச் சரக்குப் பார்ப்பேன். பெரிய வியாபாரிகளுக்கு வாங்கிக் கொடுத்தால் கமிஷன், அவ்வளவுதான் என் வருமானம். காயின் பச்சை, மில்லிமீட்டர் கணக்கில் பருமன், ஒரு லிட்டர் காயின் எடை இதையெல்லாம் யாரும் பார்த்துவிடலாம். சல்லடையும் தராசும் சொல்லிவிடும். ஒரு காயை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோய், இது பழைய சரக்கா புதுசா, காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடிப்போனதா, விறகுப் புகை ஏறிவிட்டதா என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷம் இந்த மூக்குதான் சோறு போட்டது.

2021 மே மாதம் கொரோனா வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போனது. மூக்கு போனது போனதுதான். ஏழெட்டு மாதம் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் திரும்பி வந்தது, ஆனால் கோணல்மாணலாக. காப்பி போட்டால் குப்பை எரிகிற நாற்றம். வெங்காயம் வதக்கினால் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுவேன். ஏலக்காய்? தீய்ந்த ரப்பரில் நீலகிரித் தைலம் ஊற்றின மாதிரி.

போன சீசனில் பத்து வருஷமாகப் பழகிய ஒரு தோட்டக்காரச் சேட்டன் சரக்குக் காட்டினார். கீறிப் பார்த்துவிட்டு, "புகை அடித்திருக்கிறது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். "புகையோ? எவிடெ?" என்று அவர் அந்தக் காயை என்னிடமிருந்து வாங்கிச் சுற்றி நின்றவர்களிடம் நீட்டினார். ஒவ்வொருவராக முகர்ந்தார்கள். முகர்ந்துவிட்டுக் காயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஜீப்பில் இறங்கும்போது யாரிடமும் பேசவில்லை.

என் மகள் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். டெமாக்ரிட்டஸ் என்று ஒரு கிரேக்கர், 2,400 வருஷத்துக்கு முந்தியவராம். "இனிப்பு என்பது வழக்கு, கசப்பு என்பது வழக்கு, சூடு, குளிர், நிறம் எல்லாம் வழக்கு. உண்மையில் இருப்பவை அணுக்களும் வெற்றிடமும்தான்" என்றாராம். வழக்கு என்றால் நாமாக வைத்துக்கொண்ட வழக்கமாம். "அப்படிப் பார்த்தா மணம்னு வெளியே ஒண்ணு கிடையாதுப்பா. இல்லாததைத் தொலைச்சதுக்கா இவ்வளவு கவலை?" என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள், தெரியும். எனக்குக் கோபம்தான் வந்தது. மணம் வெறும் வழக்கு என்றால் இத்தனை வருஷம் எனக்குக் கூலி கொடுத்தவர்கள் எதற்குக் கொடுத்தார்கள்? கோபம் போகட்டும். இந்த அணுத் தத்துவம் என்னைப் போன்றவனுக்கு ஏதாவது உதவுமா, இல்லை வயிறு நிறைந்தவர்கள் பேச்சா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

சாரல் வாத்தியார், குமுளி:

அண்ணே, இடுக்கி மாவட்டத்தில் தமிழ் வழிப் பள்ளிகளில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகள் சொன்னது சரி, ஆனால் பாதிதான்.

டெமாக்ரிட்டஸ் அப்டீரா என்ற ஊர்க்காரர், கி.மு. 460 வாக்கில் பிறந்தவர். அவருடைய நூல் ஒன்றுகூட முழுசாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் எடுத்துக்காட்டும் துண்டு ஒன்றில், அறிவு நீங்கள் எழுதிய அதே வசனத்தைப் பேசி முடித்ததும் புலன்கள் எதிர்க்கேள்வி போடுகின்றன: பாவப்பட்ட அறிவே, சாட்சியத்தை எங்களிடம் வாங்கிக்கொண்டு எங்களையே கவிழ்க்கப் பார்க்கிறாயா? நாங்கள் விழுந்தால் நீயும் விழுவாய்! இரண்டு பக்க வாதத்தையும் எழுதியவர் அதே ஆள்தான். தன் கொள்கை எந்த இடத்தில் இடிக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை.

அப்புறம், 'வழக்கு' என்றால் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் போட்ட சொல் நோமோஸ். கிரேக்கத்தில் நாணயத்துக்கு இருந்த 'நோமிஸ்மா' என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஐந்நூறு ரூபாய்த் தாளை உருப்பெருக்கியில் வைத்துத் தேடினாலும் அதற்குள் ஐந்நூறு ரூபாய் இருக்காது. அதற்காக அதை யாராவது கிழித்துப் போடுகிறோமா? வியாபாரியான உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் கிரேக்க நாடு பத்து டிராக்மா நாணயத்தில் இவர் தலையையே அச்சடித்தது.

தேன் சிலருக்கு இனிக்கிறது, சிலருக்குக் கசக்கிறது, ஆகவே தன்னளவில் அது இரண்டும் இல்லை என்பது அவர் வாதம். உருண்டையான அணுக்கள் நாக்கில் பட்டால் இனிப்பு, கோணம் கோணமாக இருப்பவை பட்டால் புளிப்பு என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கார்வோன் என்ற மணப்பொருளின் கதையைச் சொல்வேன். புதினாவில் இருப்பதும் சதகுப்பை விதையில் இருப்பதும் அதே கார்வோன்தான். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே இணைப்பு. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம், இடது கை வலது கை மாதிரி. நம் மூக்குக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு சாமான். ஆக, வடிவத்துக்கும் மணத்துக்கும் தொடர்பு உண்டு என்ற ஊகம் வீண் போகவில்லை.

ஏலக்காய்க்கு வருகிறேன். அதன் எண்ணெயில் சினியோல் என்ற வேதிப்பொருள் நிறைய இருக்கிறது. நீலகிரித் தைலத்தில் முக்கியச் சரக்கே சினியோல்தான். நீங்கள் தைலம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அது கற்பனை இல்லை. காப்பியையும் வெங்காயத்தையும் சொன்னதும் தற்செயல் இல்லை. இரண்டிலும் கந்தகம் கலந்த மூலக்கூறுகள் உண்டு. கொரோனாவுக்குப் பின் மணம் திரிந்து போனவர்களில் ரொம்பப் பேர் இந்த இரண்டைத்தான் சொல்கிறார்கள். மனிதர் மூக்கில் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. ஒரு மணம் என்பது அவற்றில் எவை எவை சேர்ந்து ஒலிக்கின்றன என்பதைப் பொறுத்தது. நாதஸ்வரம் நின்றுபோய் ஒத்தும் தவிலும் மட்டும் கேட்டால் அதே கல்யாண வீடு வேறு மாதிரி இருக்காதா?

கடைசியாக, உங்களுக்கு வேண்டிய ஆள் டெமாக்ரிட்டஸ் இல்லை, எபிகியூரஸ். அவரும் கிரேக்கத் தத்துவஞானிதான், கி.மு. 341இல் பிறந்தவர். அணுவை ஒப்புக்கொண்டார். ஆனால் புலன்களைச் சந்தேகப்படுவதை ஒப்புக்கொள்ளவில்லை. புலன் காட்டுவது எல்லாமே உண்மை, அதன்மேல் நாம் ஏற்றுகிற முடிவில்தான் பிழை என்றார். தூரத்தில் சதுரக் கோபுரம் வட்டமாகத் தெரிகிறது. கண்ணுக்கு வந்து சேர்ந்தது வட்டம்தான், கண் பொய் சொல்லவில்லை. கோபுரமே வட்டம் என்று சொன்னது நாம். அதே கணக்கு உங்களுக்கும். ரப்பர் வாசம் உங்களுக்கு வந்தது நிஜம். சேட்டனின் சரக்கில் புகை என்றது நீங்கள் சேர்த்த தீர்ப்பு. மூக்கு பொய் சொல்லவில்லை அண்ணே, வாய்தான் அவசரப்பட்டது.

கரிசல் பூனை, கோவில்பட்டி:

வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கிரேக்கர்களின் அணுவையும் இன்றைய அணுவையும் ஒரே இலையில் பரிமாறுவது எனக்கு எப்போதுமே ஒத்துவராது. அவர்கள் ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. அவர்களுடைய அணு பிளக்கவே பிளக்காதது. 1897இல் தாம்சன் அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரானைக் கண்டதும் அது போயிற்று. அணு உண்டா இல்லையா என்ற சண்டை 1905இல் ஐன்ஸ்டைன் போட்ட கணக்கும் அதைத் தொடர்ந்து பெர்ரன் செய்த அளவீடுகளும் வந்த பிறகுதான் ஓய்ந்தது. உட்கார்ந்த இடத்தில் யோசித்தது தற்செயலாகப் பலித்தால் அதற்குத் தத்துவம் என்று பேர். பலிக்காமல் போன ஆயிரத்தை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

கேட்டவருக்கு: காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எபிகியூரஸ் மருந்துச் சீட்டு எழுத மாட்டார்.

அவல், சித்தூர், பாலக்காடு:

பூனையாருக்கு ஒரு வார்த்தை. சும்மா உட்கார்ந்து யோசித்தவர்கள் கிரேக்கத்தில் மட்டும் இல்லை. மணிமேகலையில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைச் சொல்லும் காதையில் ஆசீவகம் என்ற பழைய சமயத்தைச் சேர்ந்த ஆசீவகர் வருகிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐந்து வகை அணு. அணு இரண்டாகப் பிளக்காது, 'அவல் போல் பரப்பதும் செய்யா' என்கிறார். உலக்கையால் இடித்தால் நெல் தட்டையாகும், அணு ஆகாது. இதைவிட எளிமையாக யார் சொல்ல முடியும்! என் பெயர் அங்கிருந்து எடுத்ததுதான்.

ஒரு வித்தியாசம் மட்டும். ஆசீவகருக்கு எல்லாம் கருவிலேயே முடிவானது. பெறுவது, இழப்பது உட்பட. எபிகியூரஸ் வழியில் வந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸோ, அணுக்கள் விழும்போது எங்கோ எப்போதோ துளி விலகும், அந்த விலகல் இருப்பதால்தான் நமக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது என்கிறார். மெட்டுக்காரர் தன் மூக்கு எந்தக் கணக்கில் போனது என்று அவரே வைத்துக்கொள்ளட்டும்.

பொறுக்குக்காரி, போடி:

நான் படித்தவள் இல்லை அண்ணாச்சி, என் பிள்ளைதான் இதைத் தட்டிக் கொடுக்கிறான். பதினெட்டு வருஷமாக ஸ்டோரில் காய் பொறுக்குகிறேன். எனக்கு ஏலக்காய் வாசமே தெரியாது. கொரோனா எல்லாம் இல்லை, பழகிப்போச்சு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "என்னக்கா, பாயசம் வச்சீங்களா" என்பார்கள். என் சேலை, முடி எல்லாம் மணக்குதாம். எனக்கு ஒன்றும் இல்லை. அந்த வெளிநாட்டுக்காரர் வழக்கு என்றாராம், நாங்கள் பழக்கம் என்போம். மூக்கு இல்லாமல் எப்படி நல்ல காய் பிரிக்கிறேன் என்று கேட்டால், கை சொல்லும். உள்ளே அரி, அதாவது விதை, நிறைந்த காய் விரலில் ஒரு மாதிரி, பொக்கு ஒரு மாதிரி. நீங்களும் கையைப் பழக்குங்க.

மெட்டுக்காரன், கம்பம்:

எல்லோருக்கும் நன்றி. பூனையாரே, மருத்துவரைப் பார்த்துவிட்டேன். மூக்குக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நாலையும் காலை மாலை தலா இருபது விநாடி முகரவேண்டும், குறைந்தது பன்னிரண்டு வாரம். மூக்கு நரம்பு திரும்ப முளைக்கக்கூடியது என்றார். மூன்று வாரம் ஆகிறது.

வாத்தியார் சார், வாய்தான் அவசரப்பட்டது என்று எழுதினீர்களே, அதை மகள் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். முந்தாநாள் வண்டன்மேடு போனேன். சேட்டனிடம், "எனக்குப் புகை மாதிரி வந்தது, சரக்கில் புகை இல்லை. என் மூக்குக்கு உடம்பு சரியில்லை" என்றேன். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த விஷயம் இது. தொழிலில் தெரிந்தால் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தன் பெண்டாட்டிக்கும் அப்படித்தான், இன்னும் மீன் குழம்பு வைப்பதில்லை என்றார்.

போடி அக்கா, கையால் தடவிப் பார்க்கிறேன். எனக்கு எல்லாக் காயும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பதினெட்டு வருஷம் ஆகும் போல.

சாரல் வாத்தியார், குமுளி:

சேட்டனிடம் சொன்னது பெரிய காரியம்.

நீங்கள் நகத்தால் கீறுகிறீர்களே, அதற்கும் இவர்களிடம் ஒரு விளக்கம் உண்டு, போன தடவை விட்டுப்போயிற்று. மணம் பொருளின் ஆழத்திலிருந்து சிரமப்பட்டு வெளியே வருகிறது, அதனால்தான் நசுக்கினாலும் நெருப்பில் போட்டாலும் கூடுதலாக மணக்கிறது என்று லுக்ரீஷியஸ் எழுதுகிறார். பாயசத்தில் ஏலக்காயைத் தட்டிப் போடுகிற எந்த வீட்டிலும் தெரிந்த சேதி.

இன்னொன்று, டெமாக்ரிட்டஸின் கடைசி நாட்களைப் பற்றிய கதை. நடந்ததா என்று கேட்காதீர்கள், பழைய வாழ்க்கை வரலாற்றில் வருவது. தள்ளாத வயது, சாகும் தறுவாய். பெண்கள் கொண்டாடும் திருவிழா ஒன்று நடக்க இருந்தது. அண்ணன் செத்தால் தீட்டு, போக முடியாதே என்று தங்கைக்கு வருத்தம். கவலைப்படாதே, தினமும் சூடான ரொட்டி கொண்டுவரச் சொல் என்றாராம். சாப்பிட இல்லை. மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டே மூன்று நாளை ஓட்டினார். திருவிழா முடிந்தபிறகு வலியில்லாமல் உயிர் விட்டார். வாசனை வெறும் வழக்கு என்றவர்!

மெட்டுக்காரன், கம்பம்:

சார், இந்தக் கதையை மகளிடம் சொன்னேன். "அப்போ நான் சொன்னது தப்பாப்பா?" என்றாள். பாதி என்றேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அவளும் கூட மலையேறுகிறாள். நான் நிறமும் எடையும் பார்க்கிறேன், அவள் கீறி முகர்கிறாள். போன வாரம் ஒரு சரக்கை முகர்ந்துவிட்டு, "மழைக்கு நனைஞ்ச சாக்கு வாசம் லேசா வருதுப்பா" என்றாள். தோட்டக்காரர் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னிடம் மட்டும் இருந்த கிறுக்கு என்று நினைத்திருந்தேன், அவளுக்கும் இருக்கிறது.

பயிற்சியில் கிராம்பு கிட்டத்தட்டக் கிராம்பு மாதிரியே வந்துவிட்டது. எலுமிச்சை பாதி. ரோஜா இன்னும் ஈரச் சுவர் மாதிரிதான். கீழே ஜீப்பில் ஹாரன் அடிக்கிறார்கள், அப்புறம் எழுதுகிறேன்.