பொருள்: ரெனோ 5-இன் முதுகில் இருக்கும் கதவு

குழுமத்தாருக்கு வணக்கம். சிறுவர்களுக்கான கார் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1972இல் வந்த ரெனோ 5க்கு இரண்டு பக்கம். மிஷேல் புவே வரைந்த வண்டி. பளபளக்கும் உலோக பம்பருக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டார்கள். அதெல்லாம் எழுதிவிட்டேன், 'ஹேட்ச்பேக்'கில் நிற்கிறேன். கணினியைக் கேட்டால் 'குஞ்சு பொரிக்கும் முதுகு' என்கிறது. — செ.

> ஹேட்ச்பேக்கில் நிற்கிறேன்

'பின்கதவுச் சிற்றுந்து' போதுமே. அல்லது 'ஐந்தாம்கதவு'. — மு.

மு. ஐயா, தமிழ்நாட்டில் சிற்றுந்து என்றால் மினி பஸ். பின்கதவு என்றால் ஆள் பிடித்து வேலை வாங்குவது. ஐந்தாம்கதவும் ஒத்துவராது: 1979இல் ஐந்து கதவு வண்டி வரும்வரை ரெனோ 5க்கு மொத்தமே மூன்று கதவுதான்.

முதுகு சரிந்திருந்தால் மட்டும் ஹேட்ச்பேக் ஆகிவிடாது. அதே 1972இல் வந்த பெஜோ 104ஐப் பாருங்கள். பார்வைக்கு ஹேட்ச்பேக், திறந்தால் கண்ணாடி அசையாது, அதற்குக் கீழே டிக்கி மூடி மட்டும் எழும். கண்ணாடியோடு சேர்ந்து எழும் கதவு அந்த நாலுகதவு வண்டிக்கு 1976இல்தான் வாய்த்தது. ஆகவே 'தூக்குகதவு'. ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. — வே.

தூக்கு என்றதும் கயிறுதான் நினைவுக்கு வருகிறது. — மு.

எனக்குத் தூக்குச்சட்டி. அதில் மட்டும் ஏன் ஒற்று மிகுந்தது, வே. அண்ணா? — க.

பாரிசிலிருந்து ஒரு குறிப்பு. பிரெஞ்சில் இந்தக் கதவு 'எயோன்'. முன்பு வண்டியின் முன்னும் பின்னும் சரக்கு சரியாதபடி செருகும் தட்டிக்கு அந்தப் பெயர். வேலியைக் குறிக்கும் 'ஏ' என்ற சொல்லிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலி வாசலில் இருப்பது படலை. 'படலைக் கார்' என்று வையுங்கோ. — ச.

எயோன்! எயில் என்றால் மதில், அரண். வேலியும் அரண்தானே? ஏ, எயோன், எயில்... விரிவாக நாளை எழுதுகிறேன். அப்புறம், 'படலைக் கண்ணி' சங்கப்பாட்டில் தழைமாலை. கார் மாலை சூடிக்கொண்டதாக ஆகிவிடும். — மு.

ஐயா, அந்த 'ஏ' ஜெர்மானிய வேர். எயிலை விட்டுவிடுங்கள்.

ச. சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஊர் ஆட்டுப்பட்டியில் முள்படல்தான். கீல் கிடையாது. முள் குத்தாத இடமாகப் பார்த்து மேல்கழியைப் பிடித்து, ஒரு எக்கு எக்கித் தூக்கினால்தான் வழி. 'படற்கதவு' என்றால் தூக்குவதும் வந்துவிடுகிறது. — வே.

படற்கதவு என்றால் பிள்ளைகள் கொடி படர்ந்த கதவு என்று நினைக்கும். பெயரில் கவனம் வேண்டும், அண்ணா. ரெனோ 14ஐப் பேரிக்காய் என்று விளம்பரம் செய்தார்கள்; பேரிக்காய் என்றால் பிரெஞ்சுப் பேச்சில் ஏமாளி. வாங்கினவன் என்ன நினைப்பான்? என் வகுப்பில் எல்லாருக்கும் ஹேட்ச்பேக் தெரியும். அதையே போடுங்கள். — க.

எல்லாருக்கும் நன்றி. நேரமில்லை. முதல் இடத்தில் 'தூக்குக்கதவு கார்', பிறகெல்லாம் ஹேட்ச்பேக். ஒற்று போட்டுவிட்டேன், வே. அண்ணா மன்னிக்கவும். — செ.

> ஒற்று போட்டுவிட்டேன்

தவறு. — வே.

எயில் பற்றி நேற்று நான்கு பக்கம் அனுப்பினேனே, யாருக்கும் வந்து சேரவில்லையா? — மு.