மறுமொழி: ‘மேக்-அப் ஏர்’ – திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

ஈரோடு, வெள்ளி இரவு
வணக்கம். கனடாவில் இருக்கும் தமிழர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வீட்டு நிலவறையில் பியர் காய்ச்சுகிறவர்கள் காற்றோட்டத்தை எப்படி அமைக்க வேண்டும் என்று சொல்வது. அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. ‘எக்ஸாஸ்ட் ஃபேன்’ வெளியேற்று விசிறி ஆகிவிட்டது. ‘மேக்-அப் ஏர்’தான் நகரவில்லை. விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவு காற்று வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அந்தக் காற்றுக்குப் பெயர். ஒரு மணி நேரக் கொதியில் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரே சுமார் 1,700 லிட்டர் நீராவி. காற்று வரும் வழி அடைபட்டால் விசிறி இரைந்துகொண்டிருக்கும், சுவர் வியர்த்துக்கொண்டிருக்கும்.

கோபி, சனி காலை
அம்மணி, ‘ஈடுகால்’ என்று வையுங்கள். கால் என்றால் காற்று. சிலப்பதிகாரத்து ‘மான்கட் காலதர்’ எல்லோருக்கும் நினைவிருக்கும்: கால் + அதர், காற்று வரும் வழி. கால்வாயில் நீர் ஓடுகிறது, காலதரில் காற்று ஓடுகிறது, உடம்பைச் சுமந்து கால் ஓடுகிறது. ஓட்டம் என்ற ஒரே வேர்தான் மூன்றிலும் என்பது என் துணிபு. காற்று வரும் துளைக்கும் காலதர் என்றே போடலாம்.

பொள்ளாச்சி
ஐயா, வேரைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் ‘ஈடுகால் பொருத்தவும்’ என்று படிக்கிறவர் செயற்கைக்கால் என்றுதான் நினைப்பார். ‘பதில்காற்று’ போதாதா? தோட்ட வேலைக்கு ஒருவர் வராவிட்டால் பதில் ஆள் அனுப்பு என்கிறோமே.

கோபி
பதில் உருது வழி வந்த சொல். ஈடு கையில் இருக்கும்போது அது எதற்கு?

கோவை
நூற்பாலையில் ஈரப்பதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாங்கள் ‘சப்ளை ஏர்’, ‘ரிட்டர்ன் ஏர்’ என்றே பேசிப் பழகிவிட்டோம், அது எங்கள் குறை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிலவறைகளில் பெரும்பாலும் எரிவாயு வெந்நீர்க் கொதிகலனும் இருக்கும். விசிறி இழுக்கும் அளவுக்குக் காற்று வராவிட்டால், கொதிகலனின் புகைபோக்கி வழியாகவே புகை திரும்பி இறங்கும். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மணம் கிடையாது, நிறம் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். விசிறியைப் போட்டுவிட்டு, எரியும் ஊதுவத்தியைப் புகைபோக்கியின் திறப்பருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபடாமல் உங்கள் முகத்தை நோக்கி வளைந்தால் உடனே நிறுத்த வேண்டும். படித்த கணத்தில் புரியாத சொல்லை இந்த இடத்தில் வைக்கக் கூடாது.

கவுந்தப்பாடி
எங்கள் வெல்ல ஆலைக் கொட்டகை நாலு பக்கமும் திறந்து கிடக்கும். கொப்பரையில் பாகு கொதிக்கும்போது ஆவி தானாக மேலே போகும், காற்று தானாக உள்ளே வரும். அதனால்தான் இதற்கு நமக்கு ஒரு சொல் தேவைப்படவே இல்லை போலும். ஈடு என்றதும் எனக்கு இட்லிதான் நினைவுக்கு வந்தது. ‘இன்னும் ரெண்டு ஈடு ஊற்று’ என்பார் அம்மா. ‘நிரப்புக்காற்று’ என்பது என் வாக்கு.

சேலம்
1937இல் மதுவிலக்கு முதலில் வந்த மாவட்டம் எங்களுடையது. பியர் காய்ச்சத் தமிழில் வழிகாட்ட வேண்டுமா?

கோவை
காய்ச்சச் சொல்லித் தரவில்லை, தம்பி. காய்ச்சுகிறவர் மூச்சடைத்துச் சாகாமலிருக்கச் சொல்கிறோம்.

பொள்ளாச்சி
பதிலை விட்டுவிடுகிறேன். நிரப்புக்காற்று என்றால் டயருக்கு அடிப்பது. போன அளவுக்கு வருவது என்ற கணக்கு ஈட்டில்தான் இருக்கிறது. காலை விட்டு ‘ஈடுகாற்று’ என்போம்.

ஈரோடு, ஞாயிறு இரவு
மூவர் ஈடுகாற்று, ஒருவர் நிரப்புக்காற்று. ‘ஈடுகாற்று’ என்றே எழுதி, முதலில் வரும் இடத்தில் ‘வெளியேறிய காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்று’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். துளைக்கு ‘காற்று வரும் துளை’. கோப்பு காலையில் போகிறது.

கவுந்தப்பாடி
எனக்கு இன்னும் இட்லிதான்.

கோபி
ஈடுகாற்றுக்கு நானும் உடன்பட்டேன். துளைக்குக் காலதர் என்று அடுத்த பதிப்பிலாவது போடுங்கள், அம்மணி. அந்தச் சொல் இந்த வேலைக்கென்றே பிறந்தது.