பவர்பாயிண்ட்டில் பாட்டு முதல் ஸ்லைடோடு நின்றுவிடுகிறது

கேள்வி: 12 ஸ்லைடு. முதல் ஸ்லைடில் எம்பி3 போட்டிருக்கிறேன், அடுத்த ஸ்லைடு வந்ததும் நின்றுவிடுகிறது. 8-வது ஸ்லைடு முடியும்வரை ஓட வேண்டும். 9-ல் பேச்சு இருக்கிறது.

பதில் 1: ஸ்பீக்கர் ஐகானைக் கிளிக் செய்து, பிளேபேக் டேபில் 'பிளே இன் பேக்ரவுண்ட்' அழுத்துங்கள். தானாகத் தொடங்கும், ஸ்லைடு மாறினாலும் ஓடும், முடிந்தால் திரும்ப ஆரம்பிக்கும், ஐகானும் மறையும். ஆனால் 9-ல் நிற்காது. அதற்கு அனிமேஷன்ஸ் டேபில் 'அனிமேஷன் பேன்' திறந்து, அதில் அந்த ஆடியோ வரிமேல் ரைட் கிளிக், எஃபெக்ட் ஆப்ஷன்ஸ், 'ஸ்டாப் பிளேயிங்'கில் 'ஆஃப்டர்' எதிரே 999 என்றிருக்கும். அதை 8 ஆக்குங்கள். பாட்டு இருக்கும் ஸ்லைடையும் சேர்த்துத்தான் எண்ணும்.

பதில் 2: டிரான்சிஷன் டேபில் உள்ள 'சவுண்ட்' வழியாகப் போட்டால் எம்பி3 எடுக்காது, வேவ் (.wav) ஃபைல் மட்டும்தான். பலர் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: நின்றது, நன்றி. வேறு கம்ப்யூட்டரில் ஓடுமா?

பதில் 1: பவர்பாயிண்ட் 2010 முதல் ஆடியோ, பிரசன்டேஷன் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். நுழைக்கும்போது 'லிங்க் டு ஃபைல்' தேர்ந்திருந்தால் மட்டும் பாட்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். டபிள்யூஎம்ஏ (.wma) வகை ஆடியோ வேண்டாம், மேக்கில் மக்கர் பண்ணும்.

பதில் 2: ஃபேட் அவுட் (ஒலி மெல்லக் குறைந்து முடிவது) 3 விநாடி வைத்தாலும் 8-ல் டக்கென்றுதான் அறுபடும். ஃபேட், ஆடியோவின் கடைசி நொடிகளுக்குத்தான். ஸ்லைடு மாற்றத்துக்கு அல்ல.