கேஸ் பங்க் குறைந்துகொண்டே வருகிறது, கேரவன் வண்டிக்கு சமையல் கேஸ் எங்கே நிரப்புவது?

தேவகோட்டை வண்டிக்காரன்:

பழைய டெம்போ டிராவலர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பின் சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு இரண்டு பேர் படுக்கக் கட்டில், சின்ன சிங்க், இரண்டு பர்னர் அடுப்பு என்று ஊர் சுற்றும் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். முதலில் இளையாத்தங்குடியில் தொடங்கி நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலும் ஒரு சுற்று, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக்காரர்களுக்குத் துணையாகப் பழனி, அப்புறம் உடம்பு ஒத்துழைத்தால் கேரளா, கூர்க். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத வயது, அதனால் அடுப்பு இல்லாத வண்டியில் ஏற மாட்டேன் என்பது எங்கள் ஆச்சி போட்ட கண்டிஷன்.

பிரச்சினை கேஸ்தான். கேஸில் ஓடும் ஓம்னி ரொம்ப காலம் வைத்திருந்தவன் நான், அதே மாதிரி ஒரு டேங்கை வண்டிக்கு அடியில் மாட்டி, பங்கில் நிரப்பி, அதிலிருந்தே அடுப்புக்கு லைன் இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் வழக்கமாக நிரப்பிய பங்கிலேயே கேஸ் பம்ப்பை எடுத்துவிட்டார்கள், இனி மதுரைக்கோ திருச்சிக்கோ போனால்தான் உண்டு போல. எங்கே பார்த்தாலும் சி.என்.ஜி. போர்டுதான் தொங்குகிறது. அதில் அடுப்பு எரிக்க முடியுமா? இல்லை, வீட்டு சிலிண்டரையே தூக்கி வைத்துக்கொள்வதா? வெளியூரில் தீர்ந்துபோனால் யாரிடம் போய் நிற்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை பையன், காரைக்குடி:

ஐயா, அந்த டேங்க் யோசனையை விட்டுவிடுங்கள். பங்க் குறைவது இருக்கட்டும், அடிப்படையிலேயே அது ஒத்துவராது. கார் டேங்கில் குழாய் அடியிலிருந்து திரவமாகத்தான் கேஸை எடுக்கும், என்ஜின் பக்கத்தில் உள்ள வேப்பரைசர் அதைச் சூடாக்கி ஆவியாக்கும். அடுப்புக்கு மேலே நிற்கும் ஆவி மட்டும்தான் போக வேண்டும். திரவம் அடுப்புக்கு வந்தால் தீ எவ்வளவு உயரம் எழும்பும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு ஆட்டோ கேஸ் பங்கில் வண்டியின் எரிபொருள் டேங்குக்கு மட்டும்தான் பிடிக்கலாம், அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். கையில் தூக்கிப்போகும் சிலிண்டருக்குப் பிடிக்கக் கூடாது.

பங்க் ஏன் மூடுகிறது என்றால், 2000ல் சட்டத்தைத் திருத்தி வண்டிக்கு கேஸ் போடலாம் என்று அனுமதித்தபோது கம்பெனிகளே கேஸ் மாடல் விட்டன. இப்போது புது வண்டி எல்லாம் சி.என்.ஜி. பக்கம் போய்விட்டது. நிரப்ப வண்டி வராத பம்ப்பை யார் வைத்துக்கொள்வார்கள்?

சி.என்.ஜி. அடுப்புக்கு ஆகாது. அது மீத்தேன், 200 பார் அழுத்தத்தில் அடைப்பது. நம் சிலிண்டர் வெயில் நாளில்கூட சுமார் பத்து பார்தான். டேங்க், ரெகுலேட்டர், பர்னர் ஜெட் எல்லாமே வேறு.

இன்னொன்று, சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டது வாகனச் சட்டம் பிரிவு 52ன்படி மாற்றம் என்றுதான் கணக்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள், எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டினால் செய்த வேலையை எல்லாம் பிரிக்கச் சொல்வார்கள்.

ரோட்டோரம்:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது அண்ணே. பாத்திரக் கடையில் சின்ன சிலிண்டர் மேலேயே பர்னர் வைத்தது கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். அடுப்பு ரிப்பேர் கடைகளில் வீட்டு சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து டியூப் போட்டு ஏற்றித் தருவார்கள், கிலோ கணக்கில் காசு. எல்லா ஊரிலும் இப்படி ஒரு கடை இருக்கும். பங்காவது ஏஜென்சியாவது.

கானாடுகாத்தான் சிலிண்டர்:

மேலே சொன்னதை யாரும் செய்துவிடாதீர்கள். நான் ஏஜென்சியில் வேலை பார்ப்பவன், அதனால் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். கவிழ்த்து ஏற்றும்போது எவ்வளவு போனது என்று அளவே கிடையாது. சிலிண்டரில் எண்பது சதவீதத்துக்கு மேல் திரவம் நிற்கக் கூடாது, மீதி இடம் சூட்டில் விரிவதற்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் கழுத்துவரை நிரப்பிய சிலிண்டரை வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சட்டப்படியும் குற்றம், கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும். ஓம்னி காலத்தில் வீட்டு கேஸை வண்டிக்கு ஏற்றி எரிந்தவை கொஞ்சமா?

ஐயாவுக்குப் பதில்: ஐந்து கிலோ எஃப்.டி.எல். சிலிண்டர், அதாவது கனெக்ஷன் இல்லாமலே கடையில் விற்கும் சிலிண்டர், வாங்குங்கள். இண்டேனில் சோட்டு, எச்.பி.யில் அப்பு, பாரத்தில் மினி. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை ஒன்று போதும், ஏஜென்சியில் மட்டுமல்ல, சில பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் வைத்திருக்கிறார்கள். காலியானால் எந்த ஊராக இருந்தாலும் அதே கம்பெனியின் கடையில் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ளலாம். வீட்டு 14.2 கிலோ அப்படியில்லை, அது உங்கள் கனெக்ஷனோடு கட்டப்பட்டது, கூர்க்கில் போய் மாற்ற முடியாது. எஃப்.டி.எல். சந்தை விலைதான், கிலோவுக்குப் பார்த்தால் வீட்டு சிலிண்டரைவிட அதிகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்கும்போது கைப்பிடிக்குக் கீழே உள்ள தகட்டில் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும், பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே சி, டி. அந்தத் தேதி தாண்டிய சிலிண்டர் மறுபடி சோதனைக்குப் போக வேண்டியது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் போடுங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வீட்டு ரெகுலேட்டர் சின்ன சிலிண்டருக்குப் பொருந்தும் என்று நம்பி வீட்டிலிருந்து கழற்றிப் போகாமல், கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

2021ல் வந்த காம்போசிட் சிலிண்டரும் ஐந்து கிலோவில் உண்டு. உள்ளே பிளாஸ்டிக், நடுவில் கண்ணாடி இழை, வெளியே ஒரு உறை. எடை குறைவு, துரு பிடிக்காது, வெளிச்சத்தில் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பயணத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் சின்ன ஊரில் உடனே கையில் இருக்காது, அதனால் இரும்புதான் கைகொடுக்கும்.

பள்ளத்தூரான், லீட்ஸ்:

இங்கிலாந்திலும் இதே கதைதான், அதனால் எழுதுகிறேன். இங்கே மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் பலர் தாங்களே நிரப்பிக்கொள்ளும் சிலிண்டர் பொருத்தியிருக்கிறார்கள். கேஸ்லோ, சேஃப்ஃபில் என்று பெயர்கள், எண்பது சதவீதத்தில் தானாக நின்றுவிடும் வால்வு உள்ளேயே உண்டு, ஆவி மேலேயிருந்துதான் வரும். பங்கில் கார் கேஸ் விலைக்கு நிரப்பலாம் என்பதால்தான் ஆரம்பச் செலவு அதிகமானாலும் எல்லோரும் அதற்குப் போனார்கள். இப்போது கேஸ் கார் அருகிப்போய், பெரிய எரிபொருள் கம்பெனிகளே பம்ப்பை எடுக்கின்றன. ஆப்பில் பார்த்துவிட்டுப் போனால் அங்கே பம்ப் இருந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருக்கும். ஐரோப்பாவுக்குள் போனால் இன்னொரு தலைவலி, பிரிட்டனில் ஒரு வகை முனை, பிரான்ஸ் இத்தாலியில் வேறு, ஸ்பெயினில் வேறு, அடாப்டர் பை ஒன்று தூக்கிப்போக வேண்டும்.

அதனால் விவரமானவர்கள் நிரப்புவது ஒன்று, கடையில் மாற்றுவது ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்கிறார்கள். பங்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர் நல்ல உதாரணம். உங்களுக்கு நாடு முழுக்க மாற்றித் தரும் ஐந்து கிலோ இருக்கிறது. குளிர் கவலையும் உங்களுக்கு இல்லை. பூட்டேன் இங்கே உறைபனி நாளில் ஆவியே ஆகாது, புரொபேன்தான் வேண்டும்.

எதுவானாலும் சிலிண்டர் பெட்டியை வண்டியின் உள்பக்கம் காற்றுப் போகாமல் அடைத்து, தரையில் வெளிப்பக்கமாக ஓட்டை விடுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பது பதிலாகாது. வண்டி ஓடும்போது சிலிண்டரிலேயே மூடிவிட வேண்டும்.

தேவகோட்டை வண்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டேங்க் யோசனையைக் கைவிட்டாயிற்று. தம்பி சொன்ன மாதிரி ஐந்து கிலோ இரண்டு வாங்கப்போகிறேன். ஒன்று தீர்ந்தால் அடுத்த ஊரில் மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு சந்தேகம், பாதயாத்திரையில் எங்கள் நகரத்தார் புள்ளிகள் (குடும்பத்தார்) பத்துப் பதினைந்து பேருக்குக் காலைப் பலகாரமும் வண்டியிலேயே செய்துவிடலாம் என்று ஆச்சி நினைக்கிறாள். ஐந்து கிலோ தாங்குமா?

குன்றக்குடி அடுப்படி:

அண்ணே, தாங்காது. பெரிய பர்னர் வைத்து வேகமாக எரித்தால் சின்ன சிலிண்டரில் திரவம் ஆவியாகி ஈடுகொடுக்க முடியாமல் சிலிண்டர் சில்லிட்டு வெளியே வேர்க்கும், தீ இறங்கிவிடும். சிலிண்டர் காலி என்று நினைத்து மாற்றினால் பாதி மிச்சம் இருக்கும். கூட்டத்துக்கு என்றால் வணிக 19 கிலோ ஒன்று எடுத்து, வண்டிக்கு வெளியே மரத்தடியில் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சியிடம் சொல்லுங்கள், வெள்ளைப் பணியாரம் எல்லாம் பாதயாத்திரையில் வேண்டாம், ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பதற்குள் நடக்கிறவர்கள் அடுத்த ஊர் போய்விடுவார்கள். உப்புமா, பொங்கல், இடியாப்பம் போதும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழிதானே போகிறீர்கள், சிலிண்டருக்கு அலைய வேண்டியிருக்காது. ஆனால் பூசம் நெருங்கும் நாட்களில் கூட்டம் அதிகம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நீங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் ஐந்து கிலோ நன்றாகவே வரும், பெரிய பர்னரைத் தொடர்ந்து எரித்தாலும் சுமார் 25 மணி நேரம் எரியும். தேநீர், காபி, வெந்நீர் எல்லாம் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் இன்னும் நீளும். மேலே சோலார் போடும் எண்ணம் இருந்தால் 12 வோல்ட் 200 ஏ.எச். லித்தியம் பேட்டரியில் இரண்டரை யூனிட் நிற்கும், இரண்டு பேருக்கு ஒரு வேளைச் சோறும் குழம்பும் இண்டக்ஷனில் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

பட்டறை பையன், காரைக்குடி:

இண்டக்ஷன் என்றால் இன்வெர்ட்டர் 2000 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள் ஐயா, பேட்டரியிலிருந்து வரும் வயரும் தடிமனாக வேண்டும், பியூஸ் கட்டாயம். கட்டில் வேலை முடிவதற்கு முன் வண்டியைக் கொண்டுவந்தால் சிலிண்டர் பெட்டியைப் பின் கதவுப் பக்கம் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி வைத்துத் தருகிறேன், பிறகு என்றால் பலகையை அறுக்க வேண்டிவரும்.