புதுப்பிப்பு: பட்டாயா (தாய்லாந்து) வாடகை வீட்டுப் புலம்பல்
நான் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்காததால் என் 90 நாள் பதிவு (வெளிநாட்டவர் 90 நாளுக்கொருமுறை அங்கே முகவரியைத் தெரிவிப்பது) நின்றுபோனது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, அது ஒருவழியாக முடிந்தது. நான் வந்த 24 மணி நேரத்துக்குள் டிஎம் 30 (வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவம்) கொடுப்பது அவர் பொறுப்பு. கேட்டபோதெல்லாம் "நாளைக்கு" என்று சிரித்தார். கடைசியில் அவர் மனைவியிடம் போனேன். அரை மணியில் வேலை ஆனது. (முதலிலேயே செய்திருக்கலாம்.) 90 நாள் பதிவுக்குக் கெடு தாண்டி 7 நாள் சலுகை உண்டு. ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்ததால் 2,000 பாத் அபராதம் தப்பியது.

மின்கட்டணப் புலம்பல் மட்டும் அப்படியே, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 பாத் வாங்குகிறார். கேட்டால் அதற்கும் சிரிப்புதான்.

அப்புறம், திரும்பும்போது மழை. கடற்கரைச் சாலையில் முழங்கால் தண்ணீர், ஒரு சோங்தேவும் (பலர் சேர்ந்து போகும் வாடகை வண்டி) நிற்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேதான் வந்தேன்.