சோதனையில் பாஸான இன்ஜின் நடுரோட்டில் நின்றால் யார் பொறுப்பு?

நெடுஞ்சாலை நாடோடி (டல்லாஸ்)

போன மாதம் ஹூஸ்டனிலிருந்து திரும்பும் வழியில், ஐ-45இல் எங்கள் எஸ்யூவி உயிரை விட்டது. நடு வரிசையில் இரண்டு பிள்ளைகள், கடைசி வரிசையில் ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், மாமியார். முதலில் கீழேயிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம். சாலையில் கிடந்த எதையோ இழுத்துக்கொண்டு போகிறோம் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஆயில் விளக்கு, அப்புறம் எல்லா விளக்கும். இடது கோடி லேனில் 70 மைல் வேகத்தில் போன வண்டி எப்படி வலது ஓரம் வந்து சேர்ந்தது என்று கேட்டால், பின்னால் வந்த லாரிக்காரர் வழி விட்டார் என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ராட் பேரிங் (இன்ஜினுக்குள் பிஸ்டன் தண்டு உரசாமல் சுழல வைக்கும் வளையம்) போய்விட்டது, புது இன்ஜின்தான் வழி என்றார் டீலர். ஓடியது 71,000 மைல். இன்ஜின், கியர்பாக்ஸுக்கான பவர்டிரெயின் வாரண்டி 60,000இல் முடிந்துவிட்டது. இதே இன்ஜினுக்கு, இதே கோளாறுக்கு ரீகால் (கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) இருக்கிறது. ஆனால் என் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைப் போட்டுப் பார்த்தால் ரீகால் எதுவும் இல்லை என்கிறது. பட்டியலில் உள்ள கடைசி வண்டிக்கும் என் வண்டிக்கும் தயாரிப்புத் தேதியில் ஏழு வாரம்தான் இடைவெளி. கம்பெனி பெயரை எழுத மாட்டேன், இன்னும் பேச்சு நடக்கிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? இந்தத் தேதிக் கோட்டை எதை வைத்துக் கிழிக்கிறார்கள்?

கேம்ஷாஃப்ட் (மிச்சிகன்)

வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நிற்பது கொடுமை. யாருக்கும் அடிபடவில்லையே, அந்த மட்டில் நிம்மதி.

கேள்விக்கு வருகிறேன். இன்ஜின் பாகங்கள் செய்யும் இடத்தில் தரப் பிரிவில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கிழிப்பதில்லை. எந்த மெஷின், எந்த நாளிலிருந்து தடம் மாறியது, எந்த நாளில் சரிசெய்தார்கள், அந்த நாட்களில் போன பாகங்கள் எந்தெந்த வண்டியில் ஏறின என்று பதிவு இருக்கும். ஹோண்டா 2023 நவம்பரில் 3.5 லிட்டர் வி6 இன்ஜினுக்காகச் சுமார் 2,49,000 வண்டிகளை அழைத்ததே, பைலட், ஒடிஸி, ரிட்ஜ்லைன், அக்யூரா எம்டிஎக்ஸ் எல்லாம் அதில் உண்டு. தயாரிப்பு மெஷினின் செட்டிங் தவறியதால், பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் பின் சரியாகச் சாணை பிடிக்கப்படவில்லை, அது ராட் பேரிங்கைத் தின்றது. காரணம் தெரிந்தால் கோடும் தெரிந்துவிடும். கோட்டுக்கு வெளியே உங்கள் இன்ஜின் போனதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். எல்லா இன்ஜினிலும் பேரிங் போகும்.

நெடுஞ்சாலை நாடோடி

சார், நீங்கள் எடுத்த உதாரணமே உங்கள் காலை வாருகிறது. அந்த ரீகால் வந்து ஒரு வருடம் கழித்து, 2024 நவம்பரில், நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் (என்எச்டிஎஸ்ஏ) அதே இன்ஜின் மேல் புதிதாக விசாரணை தொடங்கியது. சுமார் 14 லட்சம் வண்டிகள். ஏன்? பட்டியலில் இல்லாத வண்டிக்காரர்களும் அதே பேரிங் கோளாறோடு வந்து நின்றார்கள். இரண்டரை லட்சம் எங்கே, 14 லட்சம் எங்கே?

ரசீது ராணி (எடிசன்)

சண்டை ஓடட்டும். நாடோடி தம்பி, முதலில் கை வேலையைப் பாருங்கள்.

என்எச்டிஎஸ்ஏ தளத்தில் இன்றைக்கே புகார் பதியுங்கள். அதற்குப் பணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். பட்டியல் நீள்வது இந்தப் புகார்களால்தான். டீலரிடம் பேசுவதோடு நிற்காமல் கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் பிரிவில் கேஸ் நம்பர் வாங்குங்கள். முக்கியமாக, சொந்தக் காசில் இன்ஜின் மாற்றினால் ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் ரீகால் வந்தால், அதற்கு முன்பே செலவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கம்பெனி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெளி மெக்கானிக்கிடம் செய்திருந்தாலும் கேட்கலாம்.

எங்கள் வீட்டு வண்டிக்கு அப்படித்தான் நடந்தது. நாங்கள் செலவழித்து எட்டு மாதம் கழித்து ரீகால் கடிதம் வந்தது. பணம் திரும்பக் கேட்கும் வழி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. என் கணவர் அந்தக் கடிதத்தைப் பழைய பேப்பரோடு கட்டி வைத்துவிட்டார். குப்பை வண்டி வருவதற்குள் நான் மீட்டேன்.

சந்தேகசாமி (ஹூஸ்டன்)

பட்டியலில் இருந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? ஜிஎம் கதையைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்கு ரீகால். டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் என்று எல்லாம் எட்டுப் பேர் உட்காரும் குடும்ப வண்டிகள், கூடவே இரண்டு பிக்கப். அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட ஆறு லட்சம், உலகம் முழுக்க 7,21,000. கம்பெனி தானே கொடுத்த கணக்கு: 28,102 புகார்கள், அதில் 14,332 பேர் ஓடும்போதே இழுவை போய்விட்டது என்கிறார்கள்.

இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? டீலரிடம் கொண்டுபோனால் ஒரு கருவியை மாட்டிச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் இன்ஜினைச் சரிசெய்வார்கள் அல்லது மாற்றுவார்கள். தேறினால் மெலிதான 0டபிள்யூ-20 ஆயிலை வடித்துவிட்டு, அதைவிடத் தடித்த 0டபிள்யூ-40 ஊற்றி, புது ஃபில்டர், புது ஆயில் மூடி போட்டு, கையேட்டில் ஒட்ட ஒரு தாளும் தந்து அனுப்பிவிடுவார்கள். நெஞ்சுவலி என்று போனவனுக்குச் சுக்குக் கஷாயம்.

டொயோட்டாவைப் பாருங்கள். 2024இல் டண்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளில் மெஷினிங் பிசிறு இன்ஜினுக்குள் தங்கிவிட்டது என்று தெரிந்ததும் சுமார் 1,02,000 வண்டிகளுக்கு இன்ஜினையே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அதுதான் ரீகால்.

கேம்ஷாஃப்ட்

சந்தேகசாமி, பாதிக் கணக்கைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். அழைக்கப்பட்ட வண்டிகளில் கோளாறு இருக்கக்கூடியது 3 சதவீதம் என்பது ஜிஎம்மின் மதிப்பீடு. மீதி 97 பேருக்கும் நல்ல இன்ஜினைக் கழற்றிப் போட்டு, டீலர் பட்டறையில் அவசரமாக இன்னொன்றை மாட்டினால் அதில் எத்தனை ஒழுகும், எத்தனை ஒயர் மாறும்? ஏழு லட்சம் இன்ஜின் கிடங்கில் அடுக்கியா வைத்திருக்கிறார்கள்?

ஆயிலும் சும்மா இல்லை. 0டபிள்யூ-20 வந்ததே மைலேஜ் விதிகளுக்காக. இதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த கார்வெட் 6.2க்கு 0டபிள்யூ-40தான் ஊற்றச் சொல்கிறார்கள். ஆயில் படலம் கொஞ்சம் தடித்தால் ஓரமாகத் தேறிய பேரிங்கும் தாக்குப்பிடிக்கும். சோதனையில் தேறிய வண்டிகளுக்கு இன்ஜின் வாரண்டியை 10 வருடம் அல்லது 1,50,000 மைல் என்று நீட்டியிருக்கிறார்கள். இதையும் எழுதியிருக்கலாம்.

டொயோட்டாவும் எல்லாருக்கும் மாற்றவில்லை. அதே இன்ஜின் உள்ள ஹைபிரிட் வண்டிகளை அந்த ரீகாலில் சேர்க்கவில்லை. இன்ஜின் நின்றாலும் மின் மோட்டார் கொஞ்ச தூரம் இழுக்கும் என்பது காரணம்.

லேத்து மணியம் (கோவை)

ஊரில் இருந்துகொண்டு மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கணும். முப்பது வருடமாகக் கணபதியில் பட்டறை. கிராங்க்கு சாணை பிடிப்பதும் ஆயில் ஓட்டை போடுவதும் எங்கள் அன்றாடம்.

கிராங்க்குக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஆயில் போகிற துளைகள் உண்டு. துளை போட்டால் வாயில் பிசிறு நிற்கும். அதை எடுத்து, உள்ளே அழுத்தத்தில் கழுவி, காற்று அடித்து அனுப்ப வேண்டும். கழுவுகிற இடத்தில்தான் நேரத்தை மிச்சம் பிடிப்பார்கள், ஏனென்றால் அங்கே செய்ததும் செய்யாததும் வெளியில் தெரியாது. அந்தத் தூள் ஒருநாள் ஆயிலோடு கிளம்பி பேரிங்கில் போய் உட்காரும். கீறல் விழும், இடைவெளி கூடும், ஆயில் நிற்காது, சூடேறும், சத்தம் வரும், ராட் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஹூண்டாய் தீட்டா-2 இன்ஜினில் நடந்தது இதுதான். அந்த ஜிஎம் 6.2க்குச் சொன்ன காரணங்களிலும் ஆயில் வழியில் தங்கிய கசடு ஒன்று, கிராங்க் அளவும் மேல்பரப்பும் சரியில்லாதது இன்னொன்று.

மிச்சிகன் தம்பிக்கு ஒரு வார்த்தை. தடித்த ஆயில் படலத்தைக் கூட்டும், ஒத்துக்கொள்கிறேன். துளைக்குள் இருக்கிற தூளை அது என்ன செய்யும்? சோதனை பேரிங் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்றுதானே சொல்லும்? அடுத்த வாரம் தூள் கிளம்பினால்? தோசைக்கல்லைக் கழுவாமல் எண்ணெயை மட்டும் கூட ஊற்றுவது மாதிரி இருக்கிறது.

இங்கேயும் 2021 ஏப்ரலிலிருந்து ரீகால் சட்டத்தில் வந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான். பழைய வண்டிக்காரன் என் பட்டறைக்குத்தான் வர வேண்டும். எனக்கு நல்லதுதான், வையுங்கள்.

கேம்ஷாஃப்ட்

மணியம் அண்ணே, தூள் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். கழுவும் ஸ்டேஷனில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் தூள் இருந்தால் பெரும்பாலும் சீக்கிரமே வேலையைக் காட்டும். 60,000 மைல் சத்தமில்லாமல் ஓடிய இன்ஜின் சோதனையிலும் தேறினால் அது நல்ல அறிகுறி. ஹூண்டாய், கியா வண்டிகளில் பிறகு, இன்ஜின் தட்டும் அதிர்வை உணரும் நாக் சென்சாரைக் கேட்கும் மென்பொருள் ஏற்றினார்கள். பேரிங் அதிர்வு தொடங்கியதும் விளக்கு எரிந்து வேகம் குறையும். இன்ஜினை அது காப்பாற்றாது, ஆளைக் காப்பாற்றும். பாதுகாப்பு ரீகாலின் வேலை அதுதானே.

சந்தேகசாமி

அந்த ஹூண்டாய் கதையை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2015இல் ரீகால் செய்தது சொனாட்டா கார் மட்டும், 4,70,000. சாண்டா ஃபே ஸ்போர்ட்டும் கியா சொரெண்டோ, ஸ்போர்ட்டேஜும் பட்டியலில் ஏற 2017 ஆனது. நடுவில் என்ன நடந்தது? 2016இல் ஹூண்டாயின் பொறியாளர் கிம் குவாங்-ஹோ ஆவணங்களோடு அமெரிக்காவுக்கு வந்து என்எச்டிஎஸ்ஏவிடம் கொடுத்தார். 2020இல் இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து 21 கோடி டாலர் தண்டனை ஒப்பந்தம். அடுத்த வருடம் அவருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி. நீங்கள் சொல்கிற பதிவேடு கம்பெனி மேஜையில்தான் இருக்கிறது. ஒருத்தர் வேலையைப் பணயம் வைத்துத்தான் அது வெளியே வந்தது.

இன்னொன்று. வாரண்டியை நீட்டினார்கள் என்று பெரிதாகச் சொல்கிறீர்கள். ரீகால் ரிப்பேருக்கு மைல் கணக்கே கிடையாது. வண்டி முதலில் விற்ற நாளிலிருந்து 15 வருடம் இலவசம், எத்தனையாவது ஓனர் என்றும் கேட்க முடியாது. ஆனால் "சோதனையில் தேறியது" என்று எழுதிய நிமிடமே அந்த ரீகால் முடிந்துபோனதாகக் கணக்கு. அதற்குப் பிறகு இன்ஜின் போனால் நீங்கள் வாரண்டிக்காரர். 1,50,001ஆவது மைலில் யாரும் இல்லை. ஆயில் மாற்றியதால் கம்பெனிக்குக் கிடைத்த லாபம் இதுதான், இன்ஜின் விலை எல்லாம் அப்புறம்.

கேம்ஷாஃப்ட்

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சோதனையை ஒரே தடவையோடு விடாமல், குறிப்பிட்ட மைலுக்கு ஒருமுறை திரும்பச் செய்வது வைத்தியத்தின் பகுதியாக இருந்திருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாருக்கும் புது இன்ஜின் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நெடுஞ்சாலை நாடோடி

சரி, புதுச் செய்தி. கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நல்லெண்ணத்தின் பேரில் செலவில் பாதியை ஏற்கலாமாம், ஆனால் எல்லா ஆயில் மாற்றத்துக்கும் ரசீது வேண்டுமாம். நான் பாதி முறை காஸ்ட்கோவில் ஆயில் வாங்கி வீட்டு டிரைவ்வேயில் நானே மாற்றியவன். எனக்கு நானே எப்படி ரசீது கொடுப்பது?

கேம்ஷாஃப்ட் சார், கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் என்ன வண்டி?

கேம்ஷாஃப்ட்

ரீகால் பட்டியலில் உள்ள ஒன்றுதான். எந்தக் கம்பெனி என்று நானும் சொல்ல மாட்டேன். சோதனையில் தேறிவிட்டது. தினமும் ஆபீஸுக்கு அதில்தான் போகிறேன். பிள்ளைகளை மனைவி தன் காரில் கூட்டிப் போகிறாள். அது முன்னாலிருந்தே அப்படித்தான்.

சந்தேகசாமி

முன்னாலிருந்தே.

ரசீது ராணி

அவரை விடுங்கள். தம்பி, வீட்டில் மாற்றியதும் செல்லும். டீலரிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, 1975 முதலே மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இருக்கிறது. நல்லெண்ணத் தொகை அவர்கள் இஷ்டம், அதில் சட்டம் பேச முடியாது. ஆனாலும் காகிதம் இருந்தால் வாய் அடங்கும். காஸ்ட்கோ மெம்பர்ஷிப் கணக்கில் பழைய பில்களை எடுக்கலாம், கடையிலும் கேட்டுப் பாருங்கள். ஃபில்டர் எங்கே வாங்கினீர்கள்? ஆன்லைனில் என்றால் ஆர்டர் வரலாறு இருக்கும். தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் மைல் போடுங்கள். மாற்றிய அன்றைக்கு எடுத்த போட்டோ ஏதாவது ஃபோனில் இருக்கிறதா?

நெடுஞ்சாலை நாடோடி

ஃபில்டர் எல்லாம் ஆன்லைன். ஒன்பதில் ஏழு பில் கிடைத்துவிட்டது அக்கா. போட்டோவும் ஒன்று இருக்கிறது. வண்டிக்கு அடியில் என் கால் மட்டும் தெரிகிறது, பக்கத்தில் சின்னவன் ஃபில்டரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறான். 2022 ஜூலை. இதையும் அனுப்பட்டுமா?

ரசீது ராணி

அனுப்புங்கள். ஃபில்டரில் பார்ட் நம்பர் தெரிகிறதா பாருங்கள்.